பாலத்துக்கு இருபுறமும்

மலாக்கி ட்ரேசியின் மட்டை ஃபிண்டன் லூபியின் தாடையைப் பெயர்த்தபோது நடுவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் சொதசொதவென்று கிடந்த மைதானம். கில்மோரனுக்கும் பாலிகாருக்கும் நடந்த ஊர்ப் போட்டியின் இறுதி ஆட்டம். ஃபிண்டன் கில்மோரன்காரன், மலாக்கி பாலிகார்காரன். இரண்டு ஊருக்கும் நடுவே ஓர் ஆறு, அதன்மேல் ஒரு கல் பாலம். அவ்வளவுதான் தூரம். ஆனால் ஹர்லிங் என்ற அந்த அயர்லாந்து மட்டைப்பந்தாட்டம் என்று வந்துவிட்டால் அந்தப் பாலத்தைக் கடந்து பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள்.

தாடையைக் கம்பியால் கட்டினார்கள். ஃபிண்டனின் அம்மா ஹன்னா, மாட்டெலும்பும் பார்லியும் போட்டுச் சூப் காய்ச்சி, வடிகட்டி, ஸ்ட்ரா போட்டு மகனுக்குக் கொடுத்தாள். "ட்ரேசி வேணும்னு அடிச்சிருக்க மாட்டான், பந்தைத்தான் குறி வச்சிருப்பான்" என்று பாதிரியார் வந்து சமாதானம் சொன்னபோது, அவள் வாசலைக் காட்டினாள். மலாக்கி வேனில் ரொட்டி கொண்டுவந்து விற்பவன். அன்றிலிருந்து அந்த வேன் லூபி வீட்டு முன்னால் நின்றதில்லை. ஹன்னா தானே மாவு பிசைந்து ரொட்டி சுட்டாள். அது கல்லு மாதிரி இருந்தது. கட்டுப் பிரித்த புதிதில் ஃபிண்டன் அதைக் கடிக்கப் பட்டபாடு அவனுக்குத்தான் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், மாவட்டத்திலேயே சிறந்த இரண்டு ஆட்டக்காரர்கள் இவர்கள்தான். மலாக்கி நடுக்களத்தில் நின்று பந்தை எங்கே வேண்டுமானாலும் அனுப்புவான். ஃபிண்டன் எதிரணியின் கோலுக்கு முன்னால் நிற்பான். ஆகாயத்தில் வரும் பந்தை, நாலு பேர் மட்டையை ஓங்கினாலும், வெறுங்கையால் பறிப்பான். ஆனால் மாவட்டச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரே அணியில் ஆடும்போதும், மலாக்கி அடித்த பந்து ஃபிண்டன் பக்கம் வந்ததே இல்லை. ஃபிண்டனும் மலாக்கிக்கு ஒரு பந்தைத் திருப்பித் தந்ததில்லை. கோடை தவறாமல் அணி ஜூனில் தோற்று வீட்டுக்கு வந்தது. தாத்தன்மார் காலத்துக்குப் பிறகு தேசியக் கோப்பையைக் கண்ணால் பார்த்தவர் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் பயிற்சியாளராக டெக்லன் ஹார்னெட் வந்தார். தொழிலில் மாட்டு வைத்தியர். "மாடுங்களுக்கு மாட்டு டாக்டர்தானே சரி" என்று ஆட்டக்காரர்களே சொல்லிச் சிரித்தார்கள். முதல் நாளே இருவரையும் தனியாகக் கூப்பிட்டார்.

"ஃபிண்டன், நீ எதுல வர்ற?"

"சைக்கிள்ல, டாக்டர்."

"இவன்கிட்ட வேன் இருக்கு. உன் வீட்டு வழியாத்தான் வர்றான். இனிமே ரெண்டு பேரும் ஒண்ணா வாங்க."

"நான் நடந்தே வந்துடுறேன்," என்றான் ஃபிண்டன்.

"தனியா வந்தா ரெண்டு பேருக்கும் அணியில இடமில்ல. யார் வரலைன்னாலும் ரெண்டு பேரையும் சேத்துதான் அனுப்புவேன்."

மலாக்கி மட்டையின் நுனியால் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தான். "என் வேன்ல முன்சீட்டு ஒடஞ்சிருக்கு, டாக்டர்."

"சரி பண்ணு."

சரி பண்ணவில்லை. ஃபிண்டன் பின்னால், காலி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே, மண்டியிட்டு உட்கார்ந்து போனான். வாரத்தில் இரண்டு நாள், போக வர, ஒரு வார்த்தை கிடையாது. ஹன்னாவுக்குத் தெரியாமல் இருக்கச் சந்து முனையில் ஏறிக்கொண்டான். சட்டையெல்லாம் மாவோடு வந்து நிற்கும் அவனைப் பார்த்து அணித்தலைவன் பீடர் கலினன், "யாருப்பா இது, கேக்குக்கு நடுவுல வச்சு அனுப்பின ஜாமா?" என்று கேட்பான். மைதானமே சிரிக்கும். அந்த இருவர் மட்டும் சிரிக்கமாட்டார்கள்.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் ஃபிண்டன் சந்து முனைக்கு வரவில்லை. மலாக்கி ஹாரன் அடித்துப் பார்த்தான். அப்படியே தனியாகக் கிளம்பிப் போயிருக்கலாம். போனால் அவனுக்கும் இடமில்லை. திட்டிக்கொண்டே வேனை லூபி வீட்டு முற்றத்துக்கு ஓட்டிவந்தான். கொட்டகையில் விளக்கு எரிந்தது. உள்ளே பசு ஒன்று படுத்தவாக்கில் முக்கிக்கொண்டிருந்தது. ஃபிண்டன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வியர்த்து நின்றான்.

"டாக்டரைக் கூப்பிடலையா?" அந்தக் குளிர்காலத்தில் மலாக்கி அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"டாக்டர் மைதானத்துல நமக்காகக் காத்துக்கிட்டிருக்காரு," என்றான் ஃபிண்டன். "கன்னு திரும்பிக் கெடக்கு. பின்னங்கால்தான் கைக்குத் தட்டுப்படுது."

மலாக்கி கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அவன் கை நீளம். ஒருவன் கால்களைச் சேர்த்துப் பிடித்துக் கயிறு கட்ட, பசு முக்கும்போதெல்லாம் இருவருமாக இழுத்தார்கள். "இப்ப இழு... விடு, விடுடா, அவ மூச்சு வாங்கட்டும்... இப்ப!" யார் சொன்னது, யார் கேட்டது என்றெல்லாம் கணக்கில்லை. கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தபோது அதில் உயிர் இருப்பதாகத் தெரியவில்லை. மலாக்கி அதன் வாயில் விரலை விட்டுக் கோழையை வழித்தான். ஃபிண்டன் வைக்கோலால் விலாவைத் தேய்த்தான். கொஞ்ச நேரம் கழித்து அது தும்மியது.

கை கழுவ வெந்நீர் வேண்டி அடுக்களைக்குள் நுழைந்தபோது, அடுப்படியில் ஹன்னா நின்றிருந்தாள். மகனுக்குப் பின்னால் முழங்கைவரை ரத்தத்தோடு வந்தவன் யார் என்று பார்த்தாள்.

"பசு பிழைச்சுதா?"

"ரெண்டு உசுரும் பிழைச்சுது, அம்மா. இவன் வந்ததாலதான்."

அவள் வெந்நீரை ஊற்றினாள். சோப்பை நகர்த்தி வைத்தாள். பிறகு ஒரு கோப்பை நிறையச் சூப் ஊற்றி, அலமாரியிலிருந்து ஒரு ஸ்ட்ராவை எடுத்து அதில் போட்டு, மலாக்கி முன்னால் வைத்தாள்.

"குடி. என் மகன் ஆறு வாரம் குடிச்சது இதுதான்."

மலாக்கி ஃபிண்டனைப் பார்த்தான். ஃபிண்டன் சுவரைப் பார்த்தான். மலாக்கி உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சூடு பொறுக்காமல் கண்ணில் நீர் வர, கடைசிச் சொட்டுவரை ஸ்ட்ராவிலேயே உறிஞ்சிக் குடித்தான்.

"ஒண்ணு கேக்குறேன்," என்றாள் ஹன்னா. "வேணும்னு அடிச்சியா, தெரியாம பட்டுதா?"

"வேணும்னுதாங்க அடிச்சேன், மிஸஸ் லூபி."

"ஏன்?"

"கோவம். தப்புதாங்க."

அவ்வளவுதான் சொன்னான். ஹன்னா, "பாதிரியாரைவிட நீ நேர்மையானவன்," என்று சொல்லிக் காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று ஃபிண்டன் வேனில் பின்னால் ஏறவில்லை. உடைந்த முன்சீட்டில், கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அந்த இறுதி ஆட்டத்தில், அடி விழுவதற்குச் சற்று முன், அவன் மலாக்கியின் காதோரம் சொன்னது அவனுக்கு மறக்கவில்லை. மலாக்கியின் அண்ணன் அந்த வருஷம்தான் கப்பலேறி இங்கிலாந்து போய், கட்டட வேலையில் விழுந்து செத்திருந்தான். 'ட்ரேசி வீட்டுல எல்லாருக்கும் கால் வழுக்கும்போல' என்று ஃபிண்டன் சொல்லியிருந்தான். சொன்னதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

"நான் சொன்னதை ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

"உங்க அம்மா கையால சூப் குடிச்சுக்கிட்டு அதை எப்படிடா சொல்றது?"

ஃபிண்டன் வெளியே பார்த்தான். "அதைச் சொன்ன நாளிலேர்ந்து எனக்கு உன் முகத்தைப் பாக்க முடியல. உன் அண்ணன் நல்லா ஆடுவான். எனக்கு ஒரு தடவை மட்டை கொடுத்திருக்கான்."

"தெரியும்," என்றான் மலாக்கி. "வீட்டுக்கு வந்து சொன்னான். அந்தக் கில்மோரன் பயலுக்கு நல்ல கைன்னான்."

மைதானத்தில் டாக்டர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். காரணத்தைச் சொன்னார்கள்.

"கன்னு?"

"காளைக்கன்னு. எழுந்து நின்னுடுச்சு."

"ரொம்ப சந்தோஷம். ரெண்டு பேரும் மைதானத்தைச் சுத்தி ஓடுங்க. நான் போதும்கிறவரைக்கும்."

ஓடினார்கள். அந்தக் கோடையில் மலாக்கி தலை நிமிராமலே பந்தை அடிப்பான், ஃபிண்டன் அங்கே நிற்பான். ஜூனில் தோற்கவில்லை. ஜூலையிலும் தோற்கவில்லை. ஆகஸ்டில் அரையிறுதியில் மழையோடும் காற்றோடும் சேர்த்து எதிரணியையும் ஜெயித்தார்கள். வீடுகளில் ஜன்னலுக்கு ஜன்னல் மாவட்ட அணியின் நீலக் கொடி தொங்கியது. கில்மோரனில் தையல்காரிக்கு நீலத்துணி தீர்ந்துபோய், பாலிகாருக்கு ஆளனுப்பி வாங்கினாள்.

செப்டம்பரில் டப்ளினில் இறுதி ஆட்டம். முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது மாவட்டம் இரண்டு புள்ளி பின்தங்கி நின்றது. பந்து மலாக்கியின் கையில். கோலின் குறுக்குக் கம்பத்துக்கு மேலே அடித்தால் ஒரு புள்ளி நிச்சயம். ஆனால் ஒன்று போதாது. கோல் விழுந்தால்தான் மூன்று. அவன் அடித்த பந்து எழும்பி எழும்பிப் போனது. பார்த்தவர்கள் தலையில் கைவைத்தார்கள். கீழே ஃபிண்டனோடு மூன்று பேர் மோதிக்கொண்டு நின்றார்கள். மட்டைகளுக்கு நடுவே ஒரு கை மட்டும் மேலே போனது. அடுத்த கணம் ஃபிண்டன் திரும்பி, விழுந்துகொண்டே அடித்தான். வலை குலுங்கியது. கூட்டத்தின் இரைச்சலில் நடுவர் ஊதியதே யாருக்கும் கேட்கவில்லை. மலாக்கி மைதானம் முழுக்க ஓடி வந்து அவன்மேல் விழுந்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் பேருந்து ஆற்றுப் பாலத்துக்கு வந்தது. இரு கரையிலும் தீ மூட்டி ஜனம் நின்றிருந்தது. கோப்பை எந்தக் கரைக்கு முதலில் என்று பேருந்துக்குள்ளேயே சண்டை. பீடர் கலினன் மூன்றாவது ஊர்க்காரன். "நிறுத்துப்பா வண்டியை" என்று பாலத்தின் நடுவிலேயே இறங்கி, கைப்பிடிச் சுவர்மேல் கோப்பையை வைத்தான். "வேணும்கிறவங்க இங்க வந்து பாருங்க!"

யாரும் அசையவில்லை. எதிர்க்கரைக்காரன் முதலில் வரட்டும் என்று இரு பக்கமும் காத்திருந்தார்கள்.

சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு ஹன்னா லூபி கில்மோரன் கூட்டத்திலிருந்து வெளியே வந்தாள். பாலத்தில் நடந்தாள். கோப்பையைத் தாண்டிப் போய், பேருந்திலிருந்து இறங்கி நின்ற மலாக்கியின் முன் நின்றாள்.

"ஏன்டா அந்தப் பந்தை அவ்வளவு உயரமா அடிச்ச? என் உசுரு போய் உசுரு வந்துச்சு."

"அடுத்த வருஷம் தாழ்வா அடிக்கிறேங்க."

"அடுத்த வருஷமும் உண்டா?"

"உண்டுங்க."

அவன் சொன்னது முழுதும் பலிக்கவில்லை. அடுத்த வருஷம் அரையிறுதியில் தோற்றார்கள். அதற்கடுத்த இரண்டு வருஷமும் கோப்பை அந்த மாவட்டத்துக்கே வந்தது. நடுவே ஊர்ப் போட்டியில் ஃபிண்டனும் மலாக்கியும் ஒருவரை ஒருவர் விலாவில் இடித்துக்கொண்டுதான் ஆடினார்கள்.

ஆனால் அன்று சாயங்காலம் அதெல்லாம் யாருக்குத் தெரியும்? ஹன்னா பாலிகார் கரையைப் பார்த்துத் திரும்பி, இடுப்பில் கைவைத்துக் கத்தினாள். "என்ன, மரம் மாதிரி நிக்கிறீங்க? வாங்க! ஒரே ஒரு கோப்பைதான் இருக்கு, ரெண்டா வெட்ட முடியாது!"

யாரோ சிரித்தார்கள். முதலில் பாலிகார் தபால்காரர் கால் எடுத்துவைத்தார். அவர் பின்னால் பெண்கள் வந்தார்கள். பிறகு இரு கரையும் ஒரேயடியாகப் பாலத்தில் ஏறியது. இடிபாட்டில் கோப்பை ஆற்றில் விழாமல் பிடித்துக்கொள்ளவே பீடருக்கு இரண்டு கை போதவில்லை.