எப்போதும் கிடைக்கிறது

“இங்க சார்ஜர் எப்பவும் கிடைக்குதாம்மா?” என்று கணக்கெடுக்க வந்த அதிகாரி என்னிடம் கேட்டார்.

அம்மாவின் ஜெராக்ஸ் கடைக்கு எதிரே மின்சார வண்டிகளுக்கான மூன்று சார்ஜர்கள் உண்டு. ஒன்று திறப்புவிழாவுக்கு மறுநாளே செத்துவிட்டது. இன்னொன்றின் முன்னால் நிழலுக்காக யாரோ பெட்ரோல் காரை நிறுத்தியிருந்தார்கள். மூன்றாவதை அதிகாரியின் டீசல் ஜீப் மறித்து நின்றது. அதன் பின்னால், பேட்டரி தீரும் நிலையிலிருந்த மின்சார ஆட்டோவில் சித்தப்பா காத்திருந்தார். இன்றும் பள்ளிக்குத் தாமதமானால், பிள்ளைகளை ஏற்றும் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

“சார், ஜீப்ப கொஞ்சம் நகத்தச் சொல்லுங்க,” என்றார் சித்தப்பா.

“டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கான். உங்களுக்காகத்தானேப்பா வெயில்ல அலையறேன்!”

“வீட்டுல போடறதவிட மூணு மடங்கு விலை சார் இங்க. அந்தக் கொள்ளையையாவது குடுக்க விடுங்க.”

அதிகாரி மறுபடி என்னைப் பார்த்தார். நான் கடை மேசையிலிருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

“மௌனம் சம்மதம்,” என்று சிரித்துக்கொண்டே, ‘எப்போதும் கிடைக்கிறது’ என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.

அப்போது சித்தப்பாவின் போன் அடித்தது.

“வேற ஆட்டோ பாத்துட்டீங்களா? சரிங்க மேடம்.”

போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு இறங்கி, ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.