புதன்கிழமைப் பக்கங்கள்

என் மனைவி இறந்து ஆறு வாரம் கழித்து, அவளிடம் படித்த பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். இப்போது ஒரு பதிப்பகத்தில் வேலை பார்க்கிறாளாம். தண்ணீர் குடித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தாள்.

"மேம் எழுதி வெச்ச நோட்டையெல்லாம் புத்தகமா போடலாம்னு இருக்கோம் சார். நீங்க சரின்னு சொல்லணும்."

"நான் இன்னும் படிக்கலையேம்மா."

"முப்பது வருஷமா வீட்டுலதானே சார் இருக்கு?"

இருந்ததுதான். என் மனைவி இலக்கியப் பேராசிரியை. அன்றன்று படித்த நாவல், பார்த்த சினிமா, டிவியில் ஓடிய சீரியல் என்று எதைப் பற்றியாவது தினமும் ஒரு பக்கம் எழுதாமல் படுக்க மாட்டாள். சுவரில் பல்லி ஓடினால்கூட அதற்கு ஒரு விமர்சனம் வைத்திருப்பாள். ஆனால் அந்த நோட்டுகளை நான் தொடக்கூடாது. "உங்க கடைல லென்ஸ் டப்பாவை நான் தொடுறேனா?" என்று கல்யாணமான புதிதில் கேட்டாள். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். நியாயமாகத்தான் பட்டது.

"படிச்சுட்டு சொல்றேன்" என்று பெண்ணை அனுப்பிவிட்டு அலமாரியைத் திறந்தேன். பத்தொன்பது தடித்த நோட்டுகள்.

முதல் பதினாறு நோட்டுகளை மூன்று வாரத்தில் முடித்தேன். பல இடங்களில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். "இந்த நாவலில் எல்லோரும் ஜன்னல் வழியாகவே வெளியே பார்க்கிறார்கள். கதவைத் திறக்க ஆசிரியருக்குச் சோம்பல்." ஒரு சினிமாவைப் பற்றி: "நாயகன் இரண்டரை மணி நேரம் ஓடினான். எனக்கு மூச்சு வாங்கியது. கதை இருந்த இடத்திலேயே இருந்தது." சீரியல்: "அந்த மாமியார் செவ்வாய்க்கிழமை மாடிப்படி இறங்கத் தொடங்கினாள். இன்று வெள்ளி. இன்னும் மூன்று படி பாக்கி." அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போலவே இருந்தது.

பதினேழாவது நோட்டின் நடுவில் என் சிரிப்பு நின்றது.

"புதன். மூன்று மணிக் காட்சி. அவர் முன்னாலேயே வந்து காத்திருந்தார். கடைசி வரிசை."

புதன்கிழமை மதியம் ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கூட்டம் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தாள். இரண்டு வருடமாகச் சொல்லியிருந்தாள். அடுத்த புதனைத் தேடினேன். "இன்றும் கூட்டம் இல்லை, நாங்கள் இருவர், முன்னால் நாலைந்து பேர். அவர் காதருகில் பேசிக்கொண்டே இருந்தார். கதாநாயகியின் புடவை பச்சை என்றார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்." அதற்கடுத்த புதன், அதற்கும் அடுத்த புதன். எல்லாவற்றிலும் அந்த 'அவர்'. பெயர் இல்லை.

எழுத்தும் மாறியிருந்தது. அச்சடித்தது போலச் சின்னச் சின்னதாக எழுதுபவள், இந்த நோட்டின் நடுவிலிருந்து பெரிது பெரிதாக எழுதியிருந்தாள். ஒரு வரி சரிந்துபோய் இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் கிறுக்கியதாக எனக்குத் தோன்றியது. அந்த யாராவது நான்தானே.

சந்தேகம் வந்துவிட்டால் பழைய நாட்களெல்லாம் தானாக வந்து சாட்சி சொல்லும். கடைசி இரண்டு வருடம் அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்துப் பேசுவாள். வாசலில் நான் செருப்பைக் கழற்றினால், எதிரிலேயே நின்றுகொண்டு "யாரு?" என்பாள். வேறு யாரை எதிர்பார்த்தாள்? டிவி முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்டால், "இந்தக் கண்றாவிக்கு வசனமே போதும்" என்பாள். யாரை நினைத்துக் கண்ணை மூடினாள்?

பிளேடை எடுத்து எல்லாப் புதன்கிழமைகளையும் தையலோரமாக அறுத்தேன். எழுபத்துமூன்று தாள். அவற்றைச் சட்டை அட்டைப்பெட்டியில் போட்டு மூடிவிட்டு, மீதியை எடுத்துப்போகச் சொல்லி அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

வந்தவள் பதினேழாவது நோட்டைக் கையில் எடுத்ததுமே புருவத்தைத் தூக்கினாள்.

"இதுல பக்கம் குறையுது சார். தையல் தளர்ந்திருக்கு பாருங்க."

"எலியா இருக்கும்."

"எலி பிளேடு வெச்சுக் கடிக்குமா சார்?"

பேராசிரியையிடம் படித்தவள் அல்லவா. பேச்சை மாற்றுகிற மாதிரி கேட்டேன்: "புதன்கிழமை கூட்டத்துக்கு நீ போவியாம்மா?"

"எந்தக் கூட்டம்? புதன்கிழமை மதியம் மேமுக்கு வகுப்பே கிடையாது. லைப்ரரியன் சார்கூட எங்கயாவது வெளிய போவாங்க." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

கல்லூரி நூலகர். மனைவியை இழந்தவர். நல்ல கணீரென்ற குரல். வருடத்துக்கு ஒருமுறை என் கடைக்கு வந்து கண் பவர் பார்த்துக்கொண்டு போவார். அவர் போட்டிருக்கும் கண்ணாடி நான் செய்து கொடுத்தது. என் கடைக் கண்ணாடி வழியாகத்தான் அந்த மனுஷன் என் மனைவியைப் பார்த்திருக்கிறான்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு நூலகத்துக்குப் போனேன். திருப்பித் தந்த புத்தகங்களில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். அட்டைப்பெட்டியை அவர் மேஜைமேல் கவிழ்த்தேன்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

மேலே கிடந்த தாளை எடுத்துப் பார்த்தார். எனக்குத் தெரியாது என்பார், அல்லது காலில் விழுவார் என்று எதிர்பார்த்தேன்.

"பச்சைப் புடவை..." என்றார். "அது நீலம். நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். அப்புறம் ஒத்துக்கிட்டதுக்கு அடுத்த வாரம் வரைக்கும் திட்டினாங்க."

"படம் பாத்துட்டிருக்கிறவ, புடவை என்ன கலர்னு உங்களை எதுக்குய்யா கேக்கணும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "உக்காருங்க சார்."

"உக்கார வரலை."

"அவங்களுக்குத் திரை தெரியாது. ஓரம் தெரியும், நடுவுல ஒண்ணும் தெரியாது. விழித்திரை நடுப்பகுதி போயிடுச்சுன்னு பெரிய ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. கண்ணாடி போட்டும் பிரயோஜனம் இல்லை, ஆபரேஷனும் இல்லைன்னாங்க. நான்தான் கூட்டிட்டுப் போனேன். அப்புறம் புதன்கிழமை படத்துக்குப் போவோம், நான் பக்கத்துல உக்காந்து என்ன நடக்குதுன்னு சொல்லுவேன். மத்த நாள் இங்க உக்காந்து புத்தகம் வாசிச்சுக் காட்டுவேன்."

நான் சிரித்தேன். என்ன கதை கட்டுகிறான் பார்.

"எம் பொண்டாட்டிக்குக் கண்ணு தெரியலைன்னு என்கிட்டயே சொல்றீங்களா? வருஷா வருஷம் அவளுக்கு நான்தான் பாக்குறேன். சுவர்ல மாட்டியிருக்குற எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் படிப்பா!"

"படிக்க மாட்டாங்க சார், ஒப்பிப்பாங்க. ஒருநாள் இடைவேளைல எனக்குச் சொல்லிக் காட்டினாங்க." மேஜையைப் பார்த்துக்கொண்டே என் கடை அட்டையின் கடைசி வரியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை சொன்னார். அவர் கண்ணுக்கு அந்த வரி என்றைக்கும் தெரிந்ததில்லை என்பது எனக்குத் தெரியும்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நானும் கேட்டேன். 'அவர் சும்மா விட மாட்டாரு, தினம் ஒரு லென்ஸ் மாட்டிப் பாப்பாரு. ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சதும் கடையை இழுத்து மூடிட்டு உக்காந்துடுவாரு. அவரு கடையில உக்காந்திருந்தாத்தான் எனக்கு அவரு'ன்னாங்க."

அவள் சொல்லக்கூடியதுதான். ஆனாலும் நான் நம்பவில்லை. தாள்களை அள்ளிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன்.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு குறிப்புச் சீட்டு எழுதி வைப்பது என் வழக்கம். அவளுடையதை உருவினேன். இருபது வருடமாக, கடைசி வரியில் மூன்றாவது எழுத்தை அவள் தப்பாகவே சொல்லி வந்திருக்கிறாள். ஒவ்வொரு வருடமும் குறித்து வைத்திருந்தேன். கடைசி இரண்டு வருடத்தில் மட்டும் ஒரு தப்பும் இல்லை. "மிக நன்று" என்று என் கையாலேயே எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறேன். அறுபது வயதில் ஒருத்தியின் பார்வை தேறியிருக்கிறது, எனக்குச் சந்தேகம் வரவில்லை. சோதனைக்கு முந்தைய வாரம் கடைக்கு வந்து, சுவரில் மூக்கு உரசுகிற மாதிரி அந்த எழுத்து அட்டையின் பக்கத்தில் தலையைச் சாய்த்து நின்று என்னோடு பேசிக்கொண்டிருந்தாளே, அப்போதும் வரவில்லை. சந்தேகப்பட வேண்டிய நேரத்தில் பெருமைப்பட்டேன்.

காதுக்குப் பக்கத்தில் ஏன் பார்த்தாள் என்பதும் அப்போதுதான் உறைத்தது. நடுப்பார்வை போனவர்கள் எதிரில் இருப்பவரின் முகம் தெரியவேண்டுமானால் சற்றுத் தள்ளித்தான் பார்ப்பார்கள். இதைக் கடைக்கு வருகிற எத்தனையோ பேரின் பிள்ளைகளுக்கு நான் விளக்கியிருக்கிறேன். அவள் என்னைப் பார்க்கத்தான் அப்படிப் பார்த்திருக்கிறாள்.

அந்தப் பெண்ணை வரச்சொல்லி எழுபத்துமூன்று தாளையும் கொடுத்தேன்.

"எலி திருப்பிக் குடுத்துடுச்சா சார்?" என்றாள். பிறகு தாள்களைப் புரட்டிவிட்டு முகம் வாடினாள். "இதுலயும் வரிமேல வரி ஏறியிருக்கே. டைப் பண்றவங்களுக்கு ஒண்ணும் புரியாது சார். பாதியை விட்டுடணும்."

"ஒரு வரியும் விடாதே. நான் பிரிச்சு எழுதித் தரேன்."

லென்சில் கீறல் பார்க்கும் உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு இப்போது தினமும் காலையில் இரண்டு தாள் பிரிக்கிறேன். மேல் வரியைப் பென்சிலால் தொடர்ந்து, அடியில் கிடப்பதைத் தனியே எடுத்தெழுத வேண்டும். புதன்கிழமைகளில் நூலகர் கடைக்கு வருகிறார். எனக்குப் புரியாத இடத்தில், படத்தில் அந்த நேரம் என்ன நடந்தது என்று சொல்கிறார். அவர் மறந்துபோன இடங்களும் உண்டு. அவர் சொல்வதையெல்லாம் நான் அப்படியே நம்பிவிடுவதில்லை. இருமுறை கேட்பேன்.

நேற்று ஒரு வரி கிடைத்தது. அது சினிமாவைப் பற்றியது இல்லை.

"காலையில் இவர் கண்ணைச் சோதித்தார். எல்லாம் சரியாகச் சொன்னேன். 'பிரமாதம்' என்றார். குரலில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் முகமும் நன்றாகத்தான் இருந்திருக்கும்."