உறை பிரிக்காத சாகா

சனிக்கிழமை அலோர் ஸ்டாரிலிருந்து ஓர் ஆள் வருவார் என்று மாமா சொன்னபோது நான் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். கார் ஓடவில்லை. வீட்டு முகப்புக் கூரையின் கீழ் நின்றது. ஏழு மாதமாக அங்கேதான் நிற்கிறது.

"எதுக்கு மாமா?"

"காடிய பார்க்க" என்று காரைக் காட்டினார். உள்ளே போய்விட்டார்.

மாமா என் மனைவி ஜேனின் அப்பா. பெயர் ஏசுதாசன். சுங்கை லாலாங் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பத்தோரு வருடம் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். ஜேன் பள்ளியில் படிக்கும்போதே அத்தை போய்விட்டார். ஜேன் கடந்த நவம்பரில் போனாள். டெங்கி. நான்கு நாள் காய்ச்சல். அவளுக்கு முப்பது வயது. இப்போது பீடோங் வீட்டில் மனைவி இல்லாத ஆண்கள் இரண்டு பேர். சமையல் அவர். துணி துவைப்பது நான். அதிகம் பேசிக்கொள்வதில்லை.

நான் சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். காலை ஷிப்ட். நான்கு மணிக்கு வீடு. சட்டைகூட மாற்ற மாட்டேன். நேராகக் காரின் இடது கதவைத் திறந்து ஏறிக்கொள்வேன். வலது இருக்கை காலியாக இருக்கும். கண்ணை மூடி ஐந்து நிமிடம் இருந்தால் கார் கிளம்பிவிடும்.

முதலில் ரப்பர் மரங்கள் வரும். வரிசைகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும். பிறகு செம்பனை. பிறகு தண்ணீர் நிற்கும் வயல், அதில் கொக்குகள். ஜெராய் மலை சில நாள் வலப்பக்கம் வரும், சில நாள் இடப்பக்கம். சத்தமே இருக்காது. ஜேன் ஓட்டுவாள். பேச மாட்டாள். நான் அவள் பக்கம் திரும்ப மாட்டேன். திரும்பினால் கார் நின்றுவிடும் என்று எப்படியோ தெரியும். ஐந்தரைக்கு மாமா தேத்தண்ணிக்குக் கூப்பிடும்வரை போய்க்கொண்டிருப்போம்.

நாளில் எனக்கு இருந்தது அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

பக்கத்து வீட்டு பிரேமாவதி அக்காவுக்கு இது தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று துணி காயப்போடுவார்.

"டேரில் தம்பி, இன்னிக்கு எதுவரைக்கும் போனீங்க?"

"குருண் வரைக்கும் அக்கா."

"வர்றப்ப நாலு ரொட்டி சானாய் வாங்கிட்டு வர்றதுக்கு என்னா? சும்மா காத்து வாங்கிட்டே வர்றீங்க லா."

நான் சிரிப்பேன். முகம் மட்டும் சிரிக்கும். அவர் அதையும் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார்.

கார் 1986ஆம் வருட புரோட்டோன் சாகா. சிவப்பு. அந்தத் தோட்டத்துக்குள் வந்த முதல் சாகா அதுதான் என்று மாமா சொல்வார். வந்த அன்று லயத்து வீடுகளிலிருந்து தொழிலாளர்கள் எல்லாம் வந்து தொட்டுப் பார்த்தார்களாம். அய்யாவு என்ற லாரி டிரைவர் கேட்காமலே நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார். மாமா மறுக்கவில்லை. நசுக்கிவிட்டு நேராக மாதா கோயிலுக்கு ஓட்டிப்போய் பாதரிடம் தீர்த்தமும் தெளிக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் பாதுகாப்பு.

மூன்றாவது பாதுகாப்பு பிளாஸ்டிக். கார் வாங்கிய கடையிலேயே இருக்கைகளுக்குத் தடித்த பிளாஸ்டிக் உறை தைத்துப் போட்டுக்கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டினார்கள். மற்றவர்கள் ஒரு வருடத்தில், இரண்டு வருடத்தில் பிரித்துவிட்டார்கள். மாமா பிரிக்கவில்லை. முன்பக்கத்து உறைகள் தானாகக் கிழிந்து போயின. பின் இருக்கையின் உறையை அவர் காப்பாற்றினார். அதன்மேல் சாப்பிடக்கூடாது. செருப்புக் கால் வைக்கக்கூடாது. ஜேன் பிறந்ததிலிருந்து அதன்மேல்தான் வளர்ந்தாள். வெயிலில் தொடை ஒட்டிக்கொள்ளும், எழுந்தால் தோல் உரிவது மாதிரி சத்தம் வரும் என்பாள். வளைவுகளில் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் வழுக்கிக்கொண்டே போவாளாம்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு வந்தவர் புவனேஸ்வரன். ஐம்பது வயதிருக்கும். அலோர் ஸ்டாரில் உதிரிப்பாகக் கடை. கடைக்குப் பின்னால் ஒரு கூடம் கட்டி, நம் நாட்டிலேயே செய்த கார்களாகப் பார்த்துப் பழையவை பதினொன்று வைத்திருக்கிறார். காரைப் பார்ப்பதற்கு முன் செருப்பைக் கழற்றினார்.

"செருப்பு எதுக்கு லா, இது என்னா கோயிலா?" என்றார் மாமா.

"எனக்குக் கோயில்தான் அண்ணே."

பிறகு அவர் பேசத் தொடங்கினார். கதை சொல்பவர் மாதிரி கையை வீசிப் பேசினார்.

"எண்பத்தஞ்சு ஜூலை. பினாங்குப் பாலம் தொறந்த அதே வருஷம். சொந்தமா காடி செய்யப் போறோம்னு சொன்னப்ப எத்தனை பேர் சிரிச்சான்! எஞ்சினுக்கு ஜப்பான்காரன் கை கொடுத்தான், சரி. பேரு நம்ம பேரு. போட்டி வெச்சாங்க தம்பி. ஜெயிச்சது யாரு? ஒரு பழைய பட்டாளத்துக்காரர். சாகா விதை பார்த்திருக்கீங்களா? செவப்பா, பொத்தான் மாதிரி. அந்தக் காலத்துல தங்கம் நிறுக்க வெச்சிருந்த விதை."

"எங்க லயத்துப் பிள்ளைங்க பல்லாங்குழிக்கு வெச்சிருப்பாங்க" என்றார் மாமா.

"அதேதான். எண்பத்தொம்பதுல இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுச்சு. வெள்ளைக்காரன் நம்ம காடிய ஓட்டுனான் அண்ணே! இங்க நம்ம ஆளுங்கதான் பால் டின்னு கிண்டல் பண்ணுனது. கிண்டல் பண்ணவன் பொண்டாட்டிக்கு வலி வந்தப்ப எதுல ஏத்திட்டு ஓடுனான்? இதுலதான்." முன்பக்கத்துச் சின்னத்தை விரலால் தடவினார். "பிறையும் நட்சத்திரமும். பதினாலு முனை. அப்புறம் இத எடுத்துட்டு புலித்தலைய வெச்சாங்க. இப்ப சீனாக்காரன் பாதிப் பங்கு. போகட்டும். நாப்பது வருஷம் நின்னுச்சுல்ல?"

நான் இடது இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைச் சுற்றி வந்து பின்கதவைத் திறந்தார். பேச்சு நின்றது.

திரும்பிப் பார்த்தேன். முழங்காலில் நின்று பிளாஸ்டிக் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே. இது கடையில போட்டதா?"

"எண்பத்தாறுல போட்டது. ஒரு நாள் பிரிச்சதில்ல" என்றார் மாமா. ஏழு மாதத்தில் அவர் குரல் அப்படி நிமிர்ந்து நான் கேட்டதில்லை.

"அப்ப இந்தத் துணியில மனுசனே உட்கார்ந்ததில்ல."

"இல்ல."

புவனேஸ்வரன் எழுந்தார். கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. ஜூலை பன்னிரண்டாம் தேதி தன் கூடத்தில் நாற்பதாம் வருடக் கூட்டம் வைக்கிறாராம். வடக்கிலிருந்து சாகா வைத்திருப்பவர்கள் எல்லோரும் வருவார்கள். இந்தக் கார் நடுவில் நிற்கும். எல்லோர் முன்னாலும் மாமா தன் கையால் உறையைப் பிரிக்க வேண்டும்.

"தொழிற்சாலைய விட்டு வந்த அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கிடுவேன். அடுத்த சனிக்கிழமை லாரி அனுப்புறேன்."

மாமா என்னைப் பார்க்காமல் தலையசைத்தார். சாலை திரும்பும் முனையைப் பார்த்தார், லாரி இப்போதே அங்கே வந்துவிட்டது போல.

புவனேஸ்வரன் போன பிறகு சொன்னேன். "வேணாமே மாமா."

"நீ இதுக்குள்ள உட்கார்ந்திருக்கிறத தெனம் சன்னல் வழியா பார்க்கிறேன் டேரில். ஒரு பிள்ளைய குடுத்துட்டேன். இன்னொன்னு என் கண்ணு முன்னாலயே இப்படிப் போறத பார்க்க முடியாது."

கார் தொழிற்சாலையை விட்டு வந்த அன்று ஜேன் பிறந்திருக்கவே இல்லை. அப்படியே ஆக்கிவிடுவார்கள். இதை நினைத்தேன், சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டது இன்னொன்றும் இருந்தது. அந்த உறை 1986ஆம் வருடத்தது இல்லை.

2017. அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. ஜேன் பொய் சொல்லி அப்பாவின் காரை எடுத்து வந்தாள். பந்தாய் மெர்டேக்கா கடற்கரைக்குப் போனோம். மழை பிடித்துக்கொண்டது. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். பின் இருக்கையில் உட்கார்ந்து பாண்டோங் குடித்தோம், ரோஜா சிரப்பில் பால் ஊற்றியது. பிளாஸ்டிக் அவள் முழங்கையில் ஒட்டிக்கொண்டது. திடீரென்று பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"இருபத்திமூணு வருஷமா இதுமேல உட்கார்றேன். அடியில எப்படி இருக்கும்னு தெரியாது எனக்கு."

கிழித்தாள். ஒரே இழுப்பு. உள்ளே சாம்பல் துணி, புதுசு. அப்போதுதான் கடைக்கு வந்தது போன்ற வாசனை. நாங்கள் அதன்மேல் உட்கார்ந்தோம். மழை கூரையில் தட்டிக்கொண்டே இருந்தது. அவள் கன்னத்தைத் துணியில் வைத்துக்கொண்டாள். அப்போது என் முழங்கால் பட்டு பாண்டோங் கொட்டியது. உள்ளங்கை அளவு இளஞ்சிவப்பு.

பிறகு பயம். சுங்கை பட்டாணியில் சோபா தைக்கும் ஒரு சீனர் கடைக்கு ஓடினோம். இரண்டு மணி நேரத்தில் புது உறை தைத்துக் கொடுத்தார். பளபளத்தது. ஜேன் பக்கத்துக் கடையில் தேத்தண்ணிச் சக்கை வாங்கி வந்து தேய்த்துத் தேய்த்துப் பழசாக்கினாள். மாமா கண்டுபிடிக்கவில்லை. எட்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

புவனேஸ்வரன் வந்துபோன பிறகு மூன்று நாள் நான் காரில் உட்கார்ந்தும் அது கிளம்பவில்லை. ரப்பர் மரங்கள் வந்தன, நின்றன. நான் பேசாமல் இருந்தால் பன்னிரண்டாம் தேதி இருநூறு பேர் முன்னால் மாமா உறையைப் பிரிப்பார். கறை தெரியும். பேசினால் கார் இங்கேயே இருக்கலாம். ஆனால் மகள் தன்னிடம் மறைத்ததாக அவர் இன்றுவரை எதையும் கேள்விப்பட்டதில்லை. அவரிடம் மிச்சமிருப்பது எதையும் மறைக்காத அந்த மகள்தான். எனக்காக அவளையும் எடுத்துவிடுவதா?

வெள்ளிக்கிழமை வீடு வந்தபோது மாமா பின்கதவைத் திறந்து வைத்து ஈரத்துணியால் உறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை ஒன்று இஸ்திரி போட்டு வாசல் கதவில் தொங்கியது. கூட்டத்துக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

"மாமா. அது பழைய உறை இல்ல."

துடைக்கும் கை நிற்கவில்லை. "எது?"

"ஜேன் கிழிச்சுட்டா. 2017ல. இது சுங்கை பட்டாணியில தைச்சது."

எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு ஏழு வாக்கியம் இருக்கும். அவள் போன பிறகு நான் ஒரே மூச்சில் பேசியது அவ்வளவுதான். பாண்டோங்கைக் கொட்டியது நான் என்றும் சொன்னேன்.

மாமா ஈரத்துணியை மடித்தார். வீட்டுக்குள் போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. வேலியருகே பிரேமாவதி அக்கா ஒரு சட்டையை இரண்டு தடவை உதறினார். மாமா பிளேடோடு வந்தார்.

ஓரத்துத் தையலை அறுத்தார். உறை சுருண்டு விலகியது. உள்ளே அடைபட்டிருந்த காற்றில் புது வாசனை இல்லை, மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. கறை அங்கேயே இருந்தது. இளஞ்சிவப்பு மங்கிப் பழுப்பாகியிருந்தது.

மாமா அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். சரியாகப் பொருந்தவில்லை. அவர் கை பெரியது.

"தேத்தண்ணிச் சக்கையா?"

"ஆமா மாமா."

"நான் மோந்து பார்த்தேன் அப்ப. என்னாடா இது காடி தேத்தண்ணி வாசம் வீசுதுன்னு. பிளாஸ்கு கொட்டிருச்சுன்னு நெனச்சேன்." அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. வயிற்றிலிருந்து வரும் சிரிப்பு, நிறுத்த முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டார். "கள்ளி! எங்கிட்டயே! எட்டு வருஷம் தொடைச்சிருக்கேன் லா!"

"என்னா கிராணி ஐயா, லாட்டரி விழுந்துச்சா?" என்று வேலியிலிருந்து குரல் வந்தது.

"அதுக்கும் மேல பிரேமா."

பிறகு அவரே புவனேஸ்வரனைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டதால் நானும் கேட்டேன்.

"தம்பி, லாரி வேணாம். அந்தத் துணியில ஆள் உட்கார்ந்தாச்சு."

"என்னாண்ணே சொல்றீங்க? யாரு?"

"என் மக. கூட இந்த மருமகனும்."

புவனேஸ்வரனின் குரல் இறங்கியது. "கறை கிறை ஏதும்?"

"இருக்கு."

"எடுத்துடலாம் அண்ணே. எங்கிட்ட ஆள் இருக்கான். சுத்தமா எடுத்துடுவான்."

"அதுக்குத்தான் வேணாங்கிறேன்" என்றார் மாமா. கோபமாகச் சொல்லவில்லை. கூட்டத்துக்குக் கட்டாயம் வருவதாகவும், வேண்டுமானால் காரை ஓட்டிக்கொண்டே வருவதாகவும் சொல்லி வைத்தார்.

ஓட்டுவதா? பேட்டரி செத்து மாதக்கணக்காகிறது. மாமா அதைப் பற்றி யோசிப்பதாகத் தெரியவில்லை. பின்பக்கம் ஏறி, கறைக்கு அந்தப் பக்கம் தள்ளி உட்கார்ந்தார். முப்பத்தொன்பது வருடத்தில் வெறும் துணிமேல் முதல் தடவை. துணியை முழங்கையால் அழுத்திப் பார்த்தார். எனக்கு இடம் விட்டிருந்தார். நான் இடது முன்கதவின் கைப்பிடியில் கை வைத்திருந்தேன். விட்டுவிட்டுப் பின்னால் போய் ஏறினேன்.

கதவைச் சாத்தவில்லை. வெயில் முழங்கால்வரை வந்தது.

"எங்கிட்ட என்னா பொய் சொல்லி காடி எடுத்தா அன்னிக்கு?"

"கோயில்ல பாட்டுப் பயிற்சின்னு."

"ஆமா! ஆமா லா. நான்தான் டேங்குல எண்ணெய் ஊத்திக் குடுத்தேன்." தொடையைத் தட்டினார். "மழையில திரும்பி வர்றப்ப யாரு ஓட்டுனது?"

"அவதான்."

"வேகமாவா?"

"ரொம்ப மெதுவா. வர்ற வழியில ஒரு எருமை குறுக்க நின்னுச்சு. ஹார்ன் அடிக்க மாட்டேன்னுட்டா. அது போற வரைக்கும் நின்னோம். இருபது நிமிஷம்."

இதை நான் மறந்திருந்தேன். சொல்லும்போதுதான் எருமை வந்தது. கொம்பில் ஒரு பச்சைக் கொடி சுற்றியிருந்தது. அதையும் சொன்னேன்.

மாமா சாய்ந்து உட்கார்ந்தார். "இருபது நிமிஷம் சும்மாவா இருந்தா? எம்மகளா? வாய் சும்மா இருக்காதே."

"இல்ல, எருமைகிட்ட பேசிட்டு இருந்தா."

"என்னா பேசினா?"

யோசித்தேன். கொஞ்சம் நேரம் எடுத்தது. அவர் காத்திருந்தார்.