ஜாக்கி வைக்கும் இடம்

செவ்வாய்க்கிழமை வண்டி ஜாக்கியிலிருந்து நழுவியது. நசுங்கியது ஒரு பிளாஸ்டிக் வாளி மட்டும்தான். அவள் கை அதிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. நசுங்கிய வாளியைப் பார்த்தபடி ஷெட் வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பதினோரு வருடமாகத் தூக்கி இறக்கிய வண்டி அது. முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் இரண்டு சக்கரமும் உள்ள ஆட்டோ, மூன்று பேர் உட்காரலாம். கணவர் பின்பக்கம் நின்று ஜாக்கியை மிதிப்பார். அவள் பக்கவாட்டில் இரும்பு ஸ்டாண்டுகளோடு காத்திருப்பாள். வண்டி எழும்பியதும் இரண்டு பக்கமும் ஸ்டாண்டைத் தள்ளி வைத்து, "உட்கார்ந்துச்சு" என்பாள். வேலை முடிந்து இறக்கும்போது அவர், "கால் வெளியேவா?" என்று கேட்பார். "வெளியே" என்று பதில் வராமல் ஜாக்கியைத் தொட மாட்டார். ஒருமுறை வேண்டுமென்றே அவள் வாயைத் திறக்காமல் இருந்தாள். அவரும் ஜாக்கியை இறக்கும் பிடியில் கைவைத்தபடி குந்தி அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடம் கழித்து அவளுக்குத்தான் சிரிப்பு வந்தது.

ஸ்டாண்டு வைக்கும் இடம் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். வெள்ளைப் பெயின்ட்டால் பொட்டு வைத்ததே அவள்தான். ஜாக்கி எங்கே உட்காரும் என்பதை மட்டும் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. அது அவர் பக்கத்து வேலை. ஸ்டாண்டு தாங்குகிற இடம் ஜாக்கியையும் தாங்கும் என்று நினைத்து, செவ்வாய்க்கிழமை இடது பொட்டுக்குக் கீழே ஜாக்கியைக் கொடுத்தாள். நான்கைந்து மிதியில் வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. அடுத்த மிதிக்கு ஜாக்கி வழுக்கிக்கொண்டு போனது.

கணவர் சரக்குக் கப்பலில் இயந்திர ஃபிட்டர். போய் ஒன்பது மாதம் ஆகிறது. சனிக்கிழமை கப்பல் இந்தத் துறைமுகத்துக்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் அவர் வாடகைக் காரில் பெட்டிகளோடு வந்து இறங்குவார், அவள் வாசலில் நிற்பாள். இந்த முறை துறைமுகத்து வாயிலில் சொந்த வண்டியோடு போய் நிற்க வேண்டும். அதற்காகத்தான் ஓட்டக் கற்று உரிமமும் வாங்கினாள். ஆனால் இடது பின்சக்கரம் பிரேக் பிடித்தால் இரும்போடு இரும்பு உரசுவது போலக் கத்தியது. பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது. புது ஷூ வாங்கியாகிவிட்டது. தெருமுனை மெக்கானிக் அரை மணியில் முடித்துத் தருவதாகச் சொன்னார். "வேண்டாம்ணே, நானே பாத்துக்கிறேன்" என்று வந்துவிட்டாள். காரணம் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. ஷெட்டில் ஸ்பேனர்கள் அவர் கடைசியாக வைத்த வரிசையில் அப்படியே இருந்தன. கை துடைக்கும் துணியில் அவர் விட்டுப்போன கிரீஸ் காய்ந்திருந்தது. ஒன்பது மாதத்தில் தூசி தட்டக்கூட அவள் அதை எடுத்ததில்லை.

புதன்கிழமைதோறும் நான்கு மணிக்குக் கப்பலிலிருந்து வீடியோ அழைப்பு வரும். அன்றும் வந்தது. கணவரின் அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கே வந்துவிட்டார். தையல்காரர் அவர். மடியில் ஒரு சட்டை, கையில் ஊசி, காஜா எடுத்தபடியே பேசுவார். போனை வாங்கித் தன் முழங்கால் மேல் நிறுத்தி வைத்துக்கொண்டார்.

"தம்பி, உன் பொண்டாட்டி நேத்து வண்டிய வாளி மேல உட்கார வச்சுட்டா" என்றார்.

"அண்ணி, நானே சொல்லியிருப்பேன்ல."

"நீ சொல்றதுக்குள்ள அவன் கப்பல் கரை சேர்ந்துரும்."

மறுமுனையில் அவர் சிரிக்கவில்லை. "ஜாக்கியை எங்க வச்ச?"

"பொட்டுக்குக் கீழ."

"அது ஸ்டாண்டு இடம். ஒரு மூலையைத் தூக்கினா வண்டி மிச்ச ரெண்டு சக்கரத்துலதான் நிக்கும். முன்னால ஒத்தைச் சக்கரம், அது எந்தப் பக்கம் தாங்கும்? நடுவுலதான் தூக்கணும்."

"எந்த நடுவுல?"

"பின்னால ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல குறுக்க ஒரு சட்டம் ஓடும். எஞ்சினுக்குக் கீழ கொடுத்துராத, எஞ்சினோட வெளிக்கூடு பிளந்துரும். சட்டத்துக்கும் ஜாக்கிக்கும் இடையில பலகை ஒண்ணு வைப்பேன்."

"வட்டமா குழி விழுந்த பலகையா?"

"அதான்."

இரண்டு முறை அதைக் குப்பையில் போடப் பார்த்தவள் அவள். அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள்.

"ஸ்டாண்டு எங்கன்னு உனக்குத் தெரியுமில்ல? எனக்குச் சரியா ஞாபகம் இல்ல" என்றார் அவர்.

"நல்ல ஜோடி" என்றார் நாத்தனார். "பதினோரு வருஷமா ஆளுக்குப் பாதி வண்டி தெரிஞ்சு வச்சிருக்கீங்க."

போனில் கணவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். தரை சமமா. ஹேண்டில் நேராக இருக்கிறதா. முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தாயா.

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேனே."

"அது பின்சக்கரத்துக்கு. அதுதான் அந்தரத்துல நிக்கப் போகுதே. வண்டியைப் பிடிச்சுக்கிறது முன்சக்கரம் ஒண்ணுதான். ரெண்டு கட்டையும் இறுக்கமா வை. சக்கரத்து நட்டைத் தரையில இருக்கும்போதே இளக்கிக்கோ, முழுசா கழட்டாத."

எல்லாம் செய்தாள். அவர் மிதிக்கும் இடத்துக்கு வந்தாள். அங்கே தரையில் அவர் செருப்பு தேய்ந்து தேய்ந்து வழவழப்பான தடம் ஒன்று இருந்ததை அன்றுதான் பார்த்தாள். அதன் மேலேயே பாதத்தை வைத்தாள். மிதித்தாள். இரண்டு பின்சக்கரமும் சேர்ந்தாற்போல் தரையை விட்டன. வண்டி சாயவில்லை.

சுற்றிவந்து தன் பக்கத்து வேலையைச் செய்தாள். இடது பொட்டு, வலது பொட்டு. பிறகு திரும்பி வந்து ஜாக்கியைக் கொஞ்சம் இளக்கினாள். எடை ஸ்டாண்டுகளில் இறங்கியது.

"உட்கார்ந்துச்சு" என்றாள்.

"கையை எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"ஓரமா நின்னு ஆட்டிப் பாரு."

தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அசையவில்லை.

"வெளிய வந்து உட்காரு."

"எதுக்கு? இனிமேதான் வேலையே இருக்கு."

"ஒரு நிமிஷம் உட்காரு."

நாத்தனாரின் ஊசி நின்றது. அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"சனிக்கிழமை இல்ல" என்றார் கணவர். "கப்பலை வேற துறைமுகத்துக்குத் திருப்பிட்டாங்க. என் இடத்துக்கு வர வேண்டிய ஆளும் இன்னும் வந்து சேரல. இன்னும் ஏழு வாரம்."

அவள் கையிலிருந்த துணியை மடித்தாள். விரித்தாள். மறுபடி மடித்தாள்.

"எப்பத் தெரியும்?"

"காலையில."

"போனை எடுத்ததுமே சொல்லியிருக்கலாமே."

"உன்னை வண்டிக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது? கவனம் சிதறும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். படம் உறைந்தது. அவர் வாய் பாதி திறந்தபடி நின்று, பிறகு திரையே இருண்டது. கால் மணி நேரம்தான் கிடைக்கும், முடிந்துவிட்டது. அடுத்த புதன்தான் இனி.

நாத்தனார் போனைத் துடைத்துச் சட்டைப் பொத்தான்களோடு வைத்தார். "தண்ணி கொண்டு வரவா?"

"வேண்டாம் அண்ணி."

சக்கரத்தைக் கழற்றினாள். பிரேக் டிரம்மை எடுத்தாள். தேய்ந்த ஷூவில் ஆணித்தலைகள் பளபளத்தன. புதியதைப் பொருத்தி, ஸ்பிரிங்கை இழுத்து மாட்டும்போது விரல் முட்டி சிராய்ந்தது. மறுபக்கமும் மாற்றினாள். அவசரமில்லாத வேலையாகிவிட்டது, ஆனாலும் வேகமாகவே செய்தாள். சக்கரங்களை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக முடுக்கினாள்.

"ஏழு வாரம் கழிச்சு வரப்போறவனுக்கு இப்பவே எதுக்கு இறக்கணும்? மேலயே நிக்கட்டுமே" என்றார் நாத்தனார்.

"ஓட்டாம விட்டா கைப்பழக்கம் போயிரும். துறைமுகம் வரைக்கும் ஒரு தடவை போய் வழி பாத்துட்டு வரணும்."

"சனிக்கிழமையா?"

"ஆமா."

"சரி, நானும் வர்றேன். நீ நசுக்கின வாளிக்குப் பதிலா வழியில ஒண்ணு வாங்கிக்கலாம்."

அவள் ஜாக்கியை மிதித்து வண்டியை ஓர் அங்குலம் உயர்த்தினாள். ஸ்டாண்டுகளை உருவி ஓரமாக வைத்தாள். அவர் குந்தும் இடத்துக்குத் திரும்பி வந்து குந்தி, பிடியில் கைவைத்தாள். வண்டிக்கு அடியில், மறுபக்கம், அவள் எப்போதும் நிற்கும் இடம் தெரிந்தது. வெறும் சிமென்ட் தரை.

"கால் வெளியேவா?" என்று கேட்டாள்.

அவள் பிடியைத் திருப்பவில்லை.

"யார் கால்? அங்க யாருமே இல்லையே" என்றார் நாத்தனார்.

"தெரியும் அண்ணி. கேட்டுட்டுத்தான் இறக்கணும்."

நாத்தனார் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தார். பிறகு, நாற்காலியில் இருந்தபடியே, வண்டிக்கு ஆறடி தள்ளி இருந்த தன் இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வெளியே" என்றார்.

அவள் பிடியை மெல்ல இடப்பக்கம் திருப்பினாள்.