தங்கையின் கடி

2009 மார்ச் ஒன்பதாம் தேதி, பேருந்து நிலையத்துக்கு எதிரே முதல் மாடியில் இருக்கும் பல் மருத்துவமனையில், நிலையத்தின் அறிவிப்பாளர் தூக்கத்தில் மாட்டிக்கொள்ளும் பல் கவசத்தை மருத்துவர் அச்செடுத்தபோது, அதில் அறிவிப்பாளரின் தங்கையின் பற்கள் பதிந்திருந்தன. தங்கை ஆற்றோடு போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கவச டப்பா மாறிவிட்டது என்றுதான் மருத்துவர் முதலில் நினைத்தாள். உதவியாளைக் கூப்பிட்டு ஒரு பாட்டம் திட்டியும் தீர்த்தாள். அறிவிப்பாளருக்குக் கோடு போட்டதுபோல நேர்ப்பற்கள். அச்சிலோ கீழ்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. "டப்பா மாறல டாக்டர்" என்றாள் அறிவிப்பாளர். "இது என் தங்கச்சி. சின்னதுல என் கையிலயே கடிச்சிருக்கா, எனக்குத் தெரியாதா?"

படகு கவிழ்ந்தபோது ஒரு கையில் கயிறும் மறு கையில் தங்கையின் மணிக்கட்டுமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கியவள் அவள். கை வழுக்கிவிட்டது. தாடை மட்டும் பிடியை விடவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து தூக்கத்தில் நறநறவென்று அரைத்தாள். அடுத்த அறையில் படுத்த அம்மா எலி என்று பொறி வைத்தாள். விடிந்தால் காதோரத்திலிருந்து நெற்றிப்பொட்டு வரை வலி. தாடையைத் தளர்த்தும் பயிற்சிகளை மருத்துவர் சொல்லிக்கொடுத்தாள். அறிவிப்பாளர் ஒன்றையும் செய்யவில்லை. கடிப்பது நின்றால் தங்கையும் வராமல் போய்விடுவாளே என்று பயம்.

வருடத்துக்கு ஒரு அச்சு எடுத்தார்கள். இரண்டாவதில் தங்கைக்குக் கடைவாய்ப்பல் முளைத்திருந்தது. மூன்றாவதில் ஒரு சொத்தையை யாரோ அடைத்திருந்தார்கள். மருத்துவர் அதை விளக்கடியில் திருப்பிப் பார்த்து, "கை தெரிஞ்சவங்கதான் அடைச்சிருக்காங்க" என்றாள். இதற்குள் அறிவிப்பாளரின் வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. மூடிய பல்லோடு அவள் சொன்ன ஊர்களைக் கேட்டுப் பயணிகள் வண்டி மாறி ஏறினார்கள். "நீங்க சொல்றது ஊர் பேராக்கா, இல்ல எங்களைத் திட்டுறீங்களா?" என்று ஓட்டுநர்கள் கேலி செய்தார்கள்.

"நாளைக்கு உங்க தங்கச்சியே ஒரு பஸ்ல வந்து எறங்கினா, எந்த வாயால கூப்பிடுவீங்க?" என்றாள் மருத்துவர். மறுநாளே பயிற்சி தொடங்கியது. மழைக்காலம் முடிவதற்குள் தாடை திறந்தது, வலி போனது, அரைக்கும் சத்தமும் நின்றது. அந்த வாரம் முழுக்க அவள் கவசத்தைக் கழற்றி, பார்க்காமலே டப்பாவில் போட்டாள். பிறகு ஒரு காலையில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்த பல்லின் தடம் அப்படியே இருந்தது, முன்னைவிட ஆழமாக.

"நீங்க விட்டுட்டீங்க" என்றாள் மருத்துவர். "அவங்க இன்னும் விடல."

"அவ தாடை வலிக்குமே டாக்டர். நான் பொழைச்சேனா இல்லையான்னு அவளுக்கு யார் சொல்லியிருப்பா?"

அன்று மாலை, வடக்கே போகும் வண்டி நான்காவது மேடையில் நிற்கிறது என்று அறிவித்துவிட்டு, அதே ஒலிபெருக்கியில் அதே குரலில், "அக்கா கரை ஏறிட்டேன்டி. நீ வாயைத் திற" என்றாள். நிலைய மேலாளர் எழுத்தில் விளக்கம் கேட்டார். அவள் தினமும் சொன்னாள். பயணிகள் முதலில் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு அந்தக் குரலுக்குக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள். மாதத்துக்கு மாதம் தடம் மேலோட்டமானது.

அடுத்த மார்ச்சில் கவசம் வழுவழுவென்று இருந்தது. இனி தேவையில்லை, தூக்கிப் போட்டுவிடலாம் என்றாள் மருத்துவர். அறிவிப்பாளர் அதை இன்றும் மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள்.