பிரேக்கில் விட்ட எண்ணெய்

சுழல்கிற எதுவும் சத்தம் போட்டால் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். இருபத்திரண்டு வருடம் தையல் மெஷின் மிதித்ததில் நான் கற்றுக்கொண்ட ஒரே சட்டம் இதுதான். கதவுக் கீல், மின்விசிறி, பக்கத்து வீட்டுக் குழந்தையின் நடைவண்டி என்று எதையும் விட்டுவைத்ததில்லை. என் வீட்டுக்காரரின் தூண்டில் ரீலை மட்டும் எப்படி விடுவேன்?

அவர் கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுப்பவர். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடிப் பலகை நழுவி வலது மணிக்கட்டைக் கிழித்துவிட்டது. டாக்டர் போட்ட தையல் என் தையலைவிட நேர்த்தி, அதை ஒப்புக்கொள்கிறேன். விரல்களெல்லாம் அசைந்தன. ஆனால் கட்டைவிரலில் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. குண்டூசியால் குத்திப் பார்த்தேன். "குத்தினியா?" என்று கேட்டார். அன்றைக்கு நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

வேறு யாருக்காவது என்றால் கட்டைவிரல்தானே என்று விட்டுவிடலாம். இவர் பாஸ் என்கிற வேட்டை மீன் பிடிக்கிறவர், அதுவும் பெய்ட்காஸ்டிங் ரீலில். அந்த ரீலில் நூலை வீசும்போது நூல் சுற்றிய உருளையும் கூடவே சுழலும். கட்டைவிரலை அதன்மேல் பட்டும் படாமலும் வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் தூண்டில் காலடியிலேயே விழும். விட்டுவிட்டாலோ, நூல் போவதைவிட வேகமாக உருளை ஓடி, கண் மூடித் திறப்பதற்குள் சிக்கலாகி ஒரு குருவிக்கூடு கட்டிவிடும். நான் நூல் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது, லைன் என்று திருத்துவார். எனக்கு எல்லாம் நூல்தான்.

இடது கையால் பழகலாம் என்று மொட்டைமாடியில் வீசிப் பார்த்தார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வையைத்தான் பிடித்தார். அடிபட்டதிலிருந்து ஏரிப் பக்கமே போகவில்லை. வேலை விட்டு வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்வீட்டுச் சுவரில் வெயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புவார்.

இதற்கிடையில் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. அண்ணன் இனிமே போகப்போறதில்லைன்னா அந்தத் தூண்டிலையெல்லாம் எங்க வீட்டுக்காரருக்குக் குடுத்துடலாமே? சும்மா தூசிதானே பிடிக்குது."

எனக்குச் சுருக்கென்றது. அவர் காதிலும் விழுந்துவிட்டது. சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன். கை வரலைன்னா மொத்தத்தையும் அவருக்கே குடுத்துடு."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் தூண்டில் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு ஸ்பின்னிங் ரீலை எடுத்து நீட்டினார். "அண்ணே, இதுக்குக் கட்டைவிரலே வேண்டாம். கண்ணை மூடிட்டு வீசலாம்."

"கண்ணை மூடிட்டு வீசுறதுக்கு நான் ஏன் ஏரிக்குப் போகணும்? வீட்டுலயே தூங்கலாமே" என்றார் இவர். பாசி ஓரத்தில், மூழ்கிய மரத்தின் இரண்டு கிளைகளுக்கு நடுவே, தட்டு அகல இடத்தில் தூண்டிலை இறக்குகிற ஆள். அவரிடம் போய் இதை நீட்டலாமா?

கடைக்காரர் தலையைச் சொறிந்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். உள்ளங்கையில் அடங்குகிற தட்டையான ரீல். "அப்ப இதைப் பாருங்க. உள்ளே பிரேக் இருக்கு. உருளை வேகமாச் சுத்தினா சின்னச் சின்னக் கட்டைங்க விரிஞ்சு வளையத்துல உரசும். பாதி வேலையை அதுவே பார்த்துக்கும், மீதிக்குத்தான் உங்க விரல். முதல்ல கனமான தூண்டிலா போடுங்க, சுலபமா இருக்கும்." உருளையைச் சுண்டிவிட்டார். விர்ர் என்று உரசி நின்றது. இவர் ரீலைக் காதருகே வைத்துக் கேட்டார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் ஓர் ஆசை தெரிந்தது. வாங்கிக்கொண்டோம்.

அந்த விர்ர்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. சனிக்கிழமை மத்தியானம் அவர் வேலைக்குப் போயிருந்தபோது ரீலின் பக்கவாட்டு மூடியைத் திறந்தேன். உள்ளே வளையம் காய்ந்து கிடந்தது. ஐயோ பாவம் என்று இரண்டு சொட்டு விட்டேன், மெஷினுக்கு விடுகிற அதே எண்ணெய்தான். மூடிச் சுண்டினேன். உருளை சத்தமே இல்லாமல் சுழன்றது, நிற்கிற எண்ணமே இல்லாதது போல. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் வீசுவதும், நூல் நீண்டு நீண்டு ஏரியைத் தாண்டிப் போவதும் கண்ணுக்குத் தெரிந்தன. தைக்க வேண்டிய நான்கு சட்டைகள் மடியில் கிடந்தன.

ஞாயிறு விடிந்தபோது நாங்கள் படகில் இருந்தோம். தண்ணீரும் வானமும் ஒரே வெள்ளையாக இருந்தன. கரை இருந்த இடத்தில் மூட்டம்தான். துடுப்பிலிருந்து சொட்டுகிற சத்தம் எங்கிருந்தோ வருவதுபோல் கேட்டது. மூழ்கிய மரத்தின் கிளைகள் மட்டும் மெல்ல மிதந்து எங்களை நோக்கி வந்தன, நாங்கள்தான் போய்க்கொண்டிருந்தோம் என்றாலும்.

அவர் ரீலைத் திறந்து மூடிப் பார்த்தார். பிறகு எழுந்து வீசினார். நூல் பத்தடிகூடப் போகவில்லை, உருளையில் குபுக்கென்று பொங்கியது. பிரித்துவிட்டு மறுபடி வீசினார். மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவை பொங்கியது நூலா பஞ்சு மூட்டையா என்று சொல்ல முடியாது.

அவர் கோலைப் படகில் கிடத்தினார். "சரி, தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொல்லிடு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று தடவையும் அந்த விர்ர் கேட்கவில்லை. பிடிக்க வேண்டிய பிரேக்குக்கு நான் வழுக்க எண்ணெய் விட்டிருக்கிறேன்.

"என்னங்க, தப்பு என்னோடது. உள்ளே நான் எண்ணெய் விட்டுட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"இப்பத் திறந்தேன்ல, அப்பவே பார்த்தேன். உன் மெஷின் வாசனைதான் ஊரையே தூக்குதே."

"தெரிஞ்சா தொடைச்சிருக்கலாமே?"

அவர் மூட்டத்தைப் பார்த்தார். "தொடைச்சுட்டு வீசி, அப்பவும் வரலைன்னா? இப்படின்னா எண்ணெய் மேல பழி போட்டுடலாம்ல."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று புரிந்தது. எட்டு மாதமாக அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டதும், பாட்டில் மூடி திறந்துகொடுத்ததும் நான்தான். பழக்கத்தில் கை ரீலை நோக்கிப் போனது. இழுத்துக்கொண்டேன். கைக்குட்டையை மட்டும் அவர் மடியில் போட்டேன்.

"நீங்களே தொடைங்க."

துடைத்தார். சட்டைக் காலரைத் துடைப்பதுபோல் சுற்றிச் சுற்றி, வளையத்தையும் ஒவ்வொரு கட்டையையும் துடைத்தார். சிக்கலைப் பிரித்துச் சுற்றினார். எழுந்து நின்றார். தொட்டால் தெரியாத கட்டைவிரலைக் கண்ணாலேயே பார்த்து உருளையில் வைத்தார். மரத்தைப் பார்க்கவே இல்லை, விரலையே பார்த்தபடி வீசினார்.

விர்ர்.

தூண்டில் மூட்டத்துக்குள் போய் எங்கோ பொத்தென்று விழுந்தது. மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கடைசியில் விரலை அழுத்தத் தாமதித்துவிட்டார், உருளையில் நாலைந்து சுற்று பொங்கி நின்றது.

எனக்கு உயிர் போய் வந்தது. "இன்னும் எண்ணெய் இருக்கோ?"

அவர் குனிந்து சிக்கலைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"இல்லை. இது நான் பண்ணின தப்பு" என்றார், பிறந்த பிள்ளையை இது என்னுடையது என்று காட்டுகிற மாதிரி. "அரை நொடி லேட்டா அழுத்திட்டேன். அடுத்ததுல சரியாப் போயிடும்."

நான் துடுப்பை எடுத்துப் படகைக் கொஞ்சம் திருப்பினேன். அவருக்கு வீச இடம் வேண்டியிருந்தது.