மலைக்குள் ஒரு நாணயம்

நாளை மாடல் ரயில் சங்கத்து நண்பர்கள், என் கணவர் வீட்டில் மலையும் சுரங்கமுமாகச் செய்து வைத்திருக்கும் மாடல் ரயிலைப் பார்க்க வருகிறார்கள். இன்று அது ஓட மறுத்தது. சுவிட்சைப் போட்டதும் கட்டுப்பாட்டுப் பெட்டி 'பீப்' என்று கத்திவிட்டு அணைந்தது. எங்கோ ஷார்ட் சர்க்யூட்.

"இவ தொடப்பத்தோட உள்ள வந்தாலே கரண்டுக்குக் காய்ச்சல் வந்துடும்," என்றார். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னங்க, அந்த மலைக்குள்ள..."

"உனக்கு என்னடி தெரியும்? போய் வேலையப் பாரு."

எனக்குத் தெரியும். ஷார்ட் ஆனால் மின்சாரம் உடனே நிற்கிறதா என்று சோதிக்க, இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே அவர் ஒரு நாணயத்தை வைப்பது வழக்கம். நேற்று மலைச் சுரங்கத்தில் வைத்தபோது போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனவர் அதை எடுக்க மறந்துவிட்டார்.

ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பார்த்து, மலைக்கு அடியில் ஒயர் உருகியிருக்கிறது என்று முடிவு கட்டினார். ஆறு வருடம் பார்த்துப் பார்த்துக் கட்டிய தெர்மாகோல் மலை. ரம்பத்தை எடுத்து வந்து, "இந்தப் பக்கம் பிடி," என்றார்.

பிடித்துக்கொண்டேன். ரம்பம் பாதி இறங்கியபோதுகூடச் சொல்லியிருக்கலாம். வாய் திறக்காமல் இருப்பதில் இவ்வளவு சுகம் உண்டென்று எனக்கே அதுவரை தெரியாது.

மலை இரண்டாகப் பிளந்தது. தண்டவாளத்தின் மேல் நாணயம் பளபளத்தது. நாத்தனார் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ நேத்தே பாத்தியா?" என்று என்னைக் கேட்டார் கணவர்.

"பாத்தேன்."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"எனக்கு என்னங்க தெரியும்?" என்றேன்.